நான்காம் தரம், இரண்டாம் தவணை: பிள்ளை என்ன கற்கும் என்பதை வீட்டுக்கு எழுதுவது எப்படி

தவணை தொடங்கும் வாரத்தில் ஒரு வகுப்பாசிரியர் எழுத வேண்டிய தாள்கள் பல. தவணைத் திட்டத்தை அதிபர் பார்ப்பார், பாடக்குறிப்பைப் பகுதித் தலைவர் பார்ப்பார், இடாப்பை எல்லோரும் பார்ப்பார்கள். இந்தத் தவணையில் பிள்ளை என்ன கற்கப் போகிறது என்று பெற்றோருக்குச் சொல்லும் ஒரு தாளை மட்டும் எவரும் கேட்டு வாங்குவதில்லை. அதனாலேயே அது பல வகுப்புகளில் எழுதப்படுவதில்லை; எழுதப்படும் வகுப்புகளிலும் பாடநூலின் பொருளடக்கத்தைப் பார்த்தெழுதியது போலவே அமைந்துவிடுகிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதன்முதலாக நான்காம் தரத்தைப் பொறுப்பேற்ற ஆண்டில், ஆசிரியர் வழிகாட்டியிலிருந்த தேர்ச்சி மட்டங்களை அவற்றின் இலக்கங்களோடு பெயர்த்தெழுதி, இரு பக்கமும் நிறைந்த ஒரு தாளை முப்பத்திரண்டு பிள்ளைகளின் கொப்பிகளுக்குள் வைத்து அனுப்பினேன். மறுநாள் காலை வாயிலருகே நின்ற ஓர் அம்மம்மா, நான்காக மடித்த அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "ரீச்சர், இது எவ்வளவு காசு கட்டச் சொல்லி வந்த கடிதம்?" என்று கேட்டார். பாடசாலையிலிருந்து தாள் வந்தால் அது காசு கேட்டுத்தான் வரும் என்பது அவருடைய நீண்டகால அனுபவம். அந்த எண்ணத்தை மாற்றும்படியான ஒரு சொல்லும் என் இரு பக்கங்களில் இருக்கவில்லை. இவ்வகைக் கடிதத்தைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியை அந்தக் கேள்வியிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

கீழே எழுதியிருப்பவை திருகோணமலை நகரத்திலும் அயலிலும் உள்ள ஒரு தமிழ்மொழிமூல நான்காம் தர வகுப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மூன்றாம், ஐந்தாம் தரங்களுக்கும் சிறு மாற்றங்களோடு பொருந்தும். நான் கைக்கொள்ளும் விதி ஒன்றே: கடிதத்தின் ஒவ்வொரு வாக்கியமும் தவணை முடிவில் பிள்ளை செய்யக்கூடிய ஒரு காரியத்தையும், அதை வீட்டில் எங்கே எப்போது காணலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் சொல்ல முடியாத வாக்கியத்துக்குத் தவணைத் திட்டத்தில் இடமுண்டு, கடிதத்தில் வேண்டாம்.

எழுதத் தொடங்குமுன்

ஆசிரியர் வழிகாட்டி, பாடநூல், நாட்காட்டி ஆகியவற்றோடு கடந்த தவணையின் ஐந்தாறு கொப்பிகளையும் மேசையில் எடுத்து வையுங்கள். கொப்பிகளைத் தேர்ந்தெடுக்கும்போது எப்போதும் "மிக நன்று" வாங்கும் பிள்ளையின் கொப்பி ஒன்று போதும். மற்றவை வகுப்பின் நடுப்பகுதியிலும் பின்தங்கிய பகுதியிலும் உள்ள பிள்ளைகளுடையவையாக இருக்கட்டும். எந்தப் பாடத்தில் சிவப்புப் பேனைக் கோடுகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்திருக்கின்றன என்று பார்த்தால், இந்தத் தவணையில் எதற்கு நாட்கள் அதிகம் தேவைப்படும் என்பது தெரிந்துவிடும். வழிகாட்டி எல்லா வகுப்புகளுக்கும் எழுதப்பட்டது. உங்கள் வகுப்பைப் பற்றி அந்தக் கொப்பிகளுக்கு மட்டுமே தெரியும்.

அடுத்து நாட்களை எண்ணுங்கள். இரண்டாம் தவணை சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பின் தொடங்கி ஆகஸ்ட் வரை செல்வது வழமை. முஸ்லிம் பாடசாலைகளில் நோன்புக்கால விடுமுறையையொட்டி இது மாறும். மாதந்தோறும் வரும் போயா, வெசாக், பொசன், ஆண்டுக்கு ஆண்டு முன்தள்ளி வரும் ஹஜ்ஜுப் பெருநாள் ஆகியவற்றை நாட்காட்டியே காட்டிவிடும். நாட்காட்டி காட்டாதவையும் உண்டு. கதிர்காமப் பாதயாத்திரை நம் பக்கமாகக் கடந்து செல்லும் நாட்களில் சில வீடுகளில் பிள்ளைகளும் பெரியவர்களோடு சிறிது தூரம் நடக்கப் போவார்கள். ஆடி அமாவாசையன்று இடாப்பில் பாதிப் பேருக்கு வரவு விழாது. ஆசிரியருக்கான பயிற்சி வகுப்புகள், போட்டி நிகழ்ச்சிகள் என மேலும் சில நாட்கள் கழியும். நாட்காட்டியில் 65 பாடசாலை நாட்கள் தெரிந்தால் 50 நாட்களுக்கே கடிதத்தில் வாக்குக் கொடுப்பது என் வழக்கம். மிஞ்சும் நாட்கள் தாமாகவே செலவாகிவிடும். இதுவரை ஒரு தவணையிலும் அவை மீதமாக நின்றதில்லை.

கணிதம்: மிக நீளமாக எழுத வேண்டிய பகுதி

கடிதத்தில் கணிதத்துக்கு மற்றப் பாடங்களைவிட இரு மடங்கு இடம் கொடுக்கலாம். வீட்டில் பிள்ளைக்கு உதவ முயலும் பெற்றோர் முதலில் கையில் எடுப்பது கணிதக் கொப்பியையே. பாடசாலை சொல்லிக் கொடுக்கும் முறையும் வீடு சொல்லிக் கொடுக்கும் முறையும் மோதிக்கொள்வதும் அங்கேதான்.

நாலிலக்க எண்களை எடுத்துக்கொள்வோம். தவணைத் திட்டத்தில் "நாலிலக்க எண்களை வாசிப்பார், எழுதுவார், இடப்பெறுமானம் கூறுவார்" என்று எழுதுவோம். இதைப் படிக்கும் தாய், தன் பிள்ளைக்கு இது ஏற்கெனவே தெரியும் என்றே நினைப்பார், ஏனென்றால் பிள்ளை ஒன்று முதல் நூறு வரை பிழையின்றிச் சொல்லும். பிள்ளை எங்கே இடறும் என்பதைச் சொன்னால்தான் அந்த வாக்கியத்துக்கு உயிர் வரும். "நாலாயிரத்து ஏழு" என்று சொல்லி எழுதச் சொன்னால், கணிசமான பிள்ளைகள் முதலில் 4000 என்று எழுதி அதன் பின்னால் 7ஐ ஒட்டி 40007 ஆக்கிவிடுவார்கள். காது கேட்டதைக் கை எழுதுகிறது. தமிழ் எண்ணுப்பெயர்களுக்கே உரிய இன்னொரு பொறியும் உண்டு. எட்டு, எண்பது, எண்ணூறு, எட்டாயிரம் என ஒழுங்காக வரும் வரிசை, ஒன்பதுக்கு வந்ததும் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம் என்று தடம் மாறுகிறது. தொண்ணூறு என்ற சொல்லின் முடிவில் 'நூறு' ஒலிக்கிறது, ஆனால் அது பத்துகளின் இடத்துக்குரியது. தொள்ளாயிரத்தின் முடிவில் 'ஆயிரம்' ஒலிக்கிறது, ஆனால் அது நூறுகளின் இடத்துக்குரியது. "தொள்ளாயிரத்துத் தொண்ணூறு" என்று சொல்லி எழுதச் சொன்னபோது, ஆயிரம் என்று கேட்டதால் நாலிலக்கம் வர வேண்டும் என்று நினைத்து 9090 என்று எழுதிய பிள்ளையைக் கவனக்குறைவானவர் என்று நான் சொல்லமாட்டேன். மொழியை அவர் மிகக் கவனமாகவே கேட்டிருக்கிறார்.

ஆகவே கடிதத்தில் அந்தப் பகுதி ஏறக்குறைய இப்படி அமையலாம்:

"இத்தவணை முடிவில் உங்கள் பிள்ளை 1000 முதல் 9999 வரையான எந்த எண்ணையும் கேட்டு எழுதவும் பார்த்து வாசிக்கவும் கூடியவராக இருப்பார். 4007, 4070, 4700 ஆகிய மூன்றையும் வெவ்வேறு எண்களாக அடையாளம் காண்பார். வீட்டில் மின்சாரப் பட்டியல் வந்தால் அதிலுள்ள தொகையைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பிழையாக வாசித்தால் சரியானதைச் சொல்லாமல், 'ஆயிரம் இருக்கும் இடம் எது, நூறு இருக்கும் இடம் எது' என்று மட்டும் கேளுங்கள்."

கழித்தலுக்கு ஒரு கணக்கை முழுமையாகச் செய்து காட்டியே ஆக வேண்டும். சைபர்கள் நிறைந்த எண்ணிலிருந்து கழிப்பது நான்காம் தரப் பிள்ளைக்குப் பெரிய தடை. 5000இலிருந்து 1348ஐக் கழிக்கச் சொன்னால், பக்கத்து இடத்திலும் சைபர், அதற்கடுத்த இடத்திலும் சைபர், யாரிடம் கடன் வாங்குவது என்று பிள்ளை திகைத்துவிடும். நான் 5000 ரூபாத் தாள் ஒன்றை மாற்றுவதுபோலக் காட்டுவேன். ஐயாயிரம் ரூபாவை நான்கு ஆயிரம் ரூபாத் தாள்களாகவும், ஒன்பது நூறு ரூபாத் தாள்களாகவும், ஒன்பது பத்து ரூபாக் குற்றிகளாகவும், பத்து ஒரு ரூபாக் குற்றிகளாகவும் மாற்றிவிட்டால் கடன் என்ற பேச்சே எழாது. பத்திலிருந்து எட்டுப் போனால் 2, ஒன்பதிலிருந்து நான்கு போனால் 5, ஒன்பதிலிருந்து மூன்று போனால் 6, நான்கிலிருந்து ஒன்று போனால் 3. மீதி 3652 ரூபா. இதைக் கடிதத்தில் பெட்டி போட்டு வரைந்துவிடுங்கள். பெற்றோர் பலர் பழகிய முறை வேறாக இருக்கக்கூடும்: மேலே பத்தைக் கூட்டி, கீழ் எண்ணின் அடுத்த இடத்தில் ஒன்றைக் கூட்டிக் கழிப்பது. அது பிழையான முறையன்று, விடையும் ஒன்றே. ஆனால் ஒரே மாதத்தில் இரு முறைகளையும் கேட்கும் பிள்ளை மேலேயும் மாற்றி, கீழேயும் கூட்டி, இரண்டுக்கும் பொருந்தாத ஒரு விடையோடு வந்து நிற்கும். "இந்தத் தவணை மட்டும் எங்கள் முறையிலேயே விட்டுவிடுங்கள், பிள்ளைக்கு உறுதி வந்தபின் உங்கள் முறையைக் காட்டுங்கள்" என்று எழுதினால் எவரும் கோபிப்பதில்லை.

நீளத்துக்கு உள்ளூர் அளவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மீற்றருக்கும் கிலோமீற்றருக்கும் உள்ள தொடர்பை 1000 என்ற எண்ணாக மனனம் செய்த பிள்ளைக்கு அந்தத் தூரம் கண்ணுக்குள் இருப்பதில்லை. 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அந்தப் பாலத்தைப் போல இரண்டரைப் பாலங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 990 மீற்றர் வரும், ஒரு கிலோமீற்றருக்குப் பத்து மீற்றர் குறைவு. மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ உறவினர் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் அந்தப் பாலத்தைக் கடந்தே போவார்கள். அடுத்த முறை பேருந்திலிருந்து எட்டிப் பார்க்கட்டும். பின்னத்துக்கு இவ்வளவு யோசனை வேண்டியதில்லை. ஓர் இறாத்தல் பாணை வெட்டி அரை, கால், முக்கால் என்று மேசையில் வைத்தால் போதும். ஒரு முழுப் பாணின் காலும் அரைப் பாணின் பாதியும் ஒரே துண்டுதான் என்பதைப் பிள்ளை கையால் தூக்கிப் பார்க்கட்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தமிழ்

தமிழ்ப் பாடத்துக்கு எழுதும்போது நாம் வழக்கமாகச் செய்யும் பிழை, "வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல்" என்று நான்கையும் வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்துவது. எந்தப் பெற்றோருக்கும் அதிலிருந்து ஒன்றும் தெரியவராது. இத்தவணையில் எந்த எழுத்துகளில் உழைக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். என் வகுப்பில் இரண்டாம் தவணை பெரும்பாலும் ல, ள, ழ ஆகியவற்றுக்கே போகும். நம் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகக் கேட்பதால், சொல்வதெழுதலில் பிள்ளை எதை எழுதுவது என்று ஊகிக்கவே வேண்டியிருக்கிறது. விதி சொல்வதைவிடப் பொருளோடு சேர்த்துக் காட்டுவது பலன் தரும்: வாழை மரக்கறிக் கடையில் இருக்கிறது, வாளை மீன் சந்தையில் இருக்கிறது, வாலை ஆட்டுவது நாய். கடற்கரைப் பிள்ளைகளுக்கு வாளை மீன் நன்கு தெரிந்ததாகையால் இந்த மூன்றையும் ஒருமுறை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டால் பிறகு மறப்பதில்லை. கரைவலையின் கரைக்கும் சட்டையில் படியும் கறைக்கும் உள்ள வேறுபாட்டையும் இதே வழியில் சொல்லலாம்.

ஆக்கம் எழுதுவதைப் பற்றிப் பெற்றோருக்குச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை தன் கொப்பியில் "எங்கட அப்பா விடியப்புறம் தோணியில வாறவர்" என்று எழுதியிருந்தது. நான் அதைச் சிவப்பால் வெட்டவில்லை. கீழே இன்னொரு வரி விட்டு, "எங்கள் அப்பா விடியற்காலையில் தோணியில் வருவார்" என்று எழுதச் சொன்னேன். முதல் வரி வீட்டில் பேசும் தமிழ், இரண்டாவது பாடசாலையில் எழுதும் தமிழ் என்று பிள்ளைக்குச் சொன்னேன். கடிதத்தில் இதைச் சொல்லாவிட்டால், கொப்பியைப் பார்க்கும் பெற்றோர் "பேசுற மாதிரி எழுதாதே" என்று அதட்டுவார்கள். பிள்ளை அதன்பின் எழுதுவதையே சுருக்கிக்கொண்டு, "பசு ஒரு வீட்டு மிருகம்" என்ற ஐந்து வரிக் கட்டுரைக்குள் ஒளிந்துகொள்ளும். (விடியப்புறம் என்ற சொல்லை எழுத்துத் தமிழுக்குள் எடுத்துக்கொண்டாலும் நட்டமில்லை என்பது என் கருத்து. ஆனால் அதைக் கடிதத்தில் எழுதுவதில்லை.) "இத்தவணையில் பிள்ளை தான் கண்ட ஒன்றைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதுவார். எழுத்துப் பிழைகளை முதல் வாசிப்பில் திருத்த வேண்டாம், எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்" என்பது போதுமானது.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்

இப்பாடத்தின் கருப்பொருள்கள் வகுப்புக்கு வகுப்பு திரும்பி வருபவை. நீர், விலங்குகள், உணவு, காலநிலை எல்லாம் சென்ற ஆண்டும் இருந்தனவே, இதில் புதிதாக என்ன என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. கருப்பொருள் அதுவேயானாலும் பிள்ளை அதில் செய்யும் வேலை வேறு. சென்ற ஆண்டு பார்த்துப் பெயர் சொன்ன பிள்ளை இந்த ஆண்டு அளந்து பதிவு செய்யும் என்று எழுதுங்கள்.

நீர் என்ற கருப்பொருளுக்குத் திருகோணமலையில் பாடம் தேடி அலைய வேண்டியதில்லை. மலைநாட்டில் தொடங்கி 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. கன்னியாவில் அருகருகே அமைந்த ஏழு வெந்நீர்க் கிணறுகள் ஒரே சூட்டில் இருப்பதில்லை. எது மிகச் சூடு, எது இளஞ்சூடு என்று கையால் தொட்டு வரிசைப்படுத்தச் சொன்னால் இரு பிள்ளைகள் ஒரே வரிசையைச் சொல்வது அரிது. ஏன் அப்படி என்று கேட்கும் பிள்ளைக்கு வெப்பமானியின் தேவை தானாகப் புரிகிறது. ஆயினும் இரண்டாம் தவணைக்கு நான் மிகவும் விரும்பும் செயற்பாடு வீட்டுக் கிணற்றடியில் நடப்பது. மாரி மழை முடிந்து மாதங்கள் கடந்த காலம் இது. கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் கிணற்று நீர் வாரத்துக்கு வாரம் கீழே போகும். (கச்சான் என்றதும் கடலையை நினைக்கும் பிள்ளைகளுக்குக் காற்றின் பெயரும் அதுதான் என்று சொன்னால் வகுப்பு ஐந்து நிமிடம் அடங்காது; அந்த ஐந்து நிமிடத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.) ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர் ஒருவர் வாளியைக் கிணற்றில் இறக்கி, வாளி நீரைத் தொட்டவுடன், கிணற்றுக் கட்டின் விளிம்பு படும் இடத்தில் கயிற்றில் ஒரு துணித்துண்டைக் கட்டுவார். கயிற்றை மேலே எடுத்தபின், துணி கட்டிய இடத்திலிருந்து வாளியின் அடி வரை பிள்ளை அடிமட்டத்தாலோ அளவு நாடாவாலோ அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதும். தவணை முடிவில் பத்துப் பன்னிரண்டு அளவுகள் சேர்ந்துவிடும். அவற்றை ஓர் அட்டவணையாக்கி டிமைத் தாளில் வரைந்தால் நீர், காலநிலை, நீளம், தரவு ஆகிய நான்கும் ஒரே வேலையில் அடங்கிவிடுகின்றன. பிள்ளை தனியே கிணற்றடிக்குப் போகக்கூடாது என்பதைக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போடுங்கள். குழாய்நீர் மட்டும் உள்ள வீட்டுப் பிள்ளையைப் பாடசாலைக் கிணற்றையோ பக்கத்து வீட்டுக் கிணற்றையோ அளக்கும் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள்.

விலங்குகளைப் பற்றிய பகுதிக்கு நகரத்துக்குள் திரியும் புள்ளிமான்கள் இருக்கின்றன. வேறு ஊர்ப் பிள்ளைகள் காட்டுக்குப் போய்த் தேடும் மானை நம் பிள்ளைகள் பேருந்து நிலையத்தருகே குப்பையைக் கிளறும் நிலையில் காண்கிறார்கள். மான் என்ன தின்கிறது என்று ஒரு வாரம் பார்த்து எழுதச் சொன்னபோது "புல்" என்று எழுதியவர்களைவிட "சாப்பாட்டுப் பாசல் சுற்றின பொலித்தீன்" என்று எழுதியவர்களே அதிகமாக இருந்தார்கள். கழிவகற்றலைப் பற்றி நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த பாடம் அந்த வாரம் தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்லப்பட வேண்டும். குடும்பத்தைப் பற்றிய செயற்பாடுகளை அனுப்புமுன் இடாப்பை ஒருமுறை மேலிருந்து கீழாக வாசியுங்கள். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகளும், தந்தையை இழந்த பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். "அம்மா, அப்பாவின் படத்தை ஒட்டுக" என்று அச்சிட்ட தாளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துவதைவிட, "உங்கள் வீட்டில் இருப்பவர்களை வரைக" என்று முதலிலேயே மாற்றிவிடலாம்.

மற்றப் பாடங்கள்

சமயத்துக்கு வகுப்பு பிரிந்து போவதால், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் தலா மூன்று வரிகள் கேட்டு வாங்கிச் சேருங்கள். அவர்களுக்காக நீங்களே ஊகித்து எழுத வேண்டாம். சைவநெறிப் பகுதியில், ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் கோணேசுவரத்தைப் பாடியிருக்கிறார் என்ற செய்தி இருந்தால், பதிகத்தில் எத்தனை அடிகளைப் பிள்ளை மனனம் செய்யும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்துக்கும் இரண்டாம் மொழியான சிங்களத்துக்கும் ஒவ்வொரு காரியம் போதும். ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் தயங்காமல் சொல்வது. சிங்களத்தில் கடையிலும் பேருந்திலும் பயன்படும் கேள்விகளைக் கேட்டு விளங்கிக்கொள்வது. பேருந்துப் பலகைகளில் மூன்று மொழிகளிலும் ஊர்ப்பெயர் இருப்பதால், சிங்கள எழுத்துகளை அடையாளம் காணும் பயிற்சிக்கு வேறு சாதனம் தேவையில்லை.

புலமைப்பரிசில் என்ற கேள்வி

நீங்கள் கடிதத்தில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இந்தக் கேள்வி வரும். ஐந்தாம் தரத்தில் எழுதப்படும் பரீட்சைக்கு நான்காம் தரத்தின் நடுவிலேயே மாதிரி வினாத்தாள்கள் செய்விக்க வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ரியூசனில் செய்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பரீட்சை இரு வினாத்தாள்களைக் கொண்டது, ஒன்று சிந்தித்து விடை காணும் ஆற்றலையும் மற்றது பாடங்களில் கற்றதையும் சோதிக்கிறது என்பதைச் சொல்லி, அதற்கு இத்தவணையில் எது அடித்தளமாகும் என்று நேராக எழுதுங்கள். என் கடிதத்தில் இருப்பது இவ்வளவே: "இத்தவணையில் வகுப்பில் மாதிரி வினாத்தாள்கள் செய்யப்படமாட்டா. ஒரு பந்தியைத் தானே வாசித்து, அதில் கேட்கப்பட்டதைத் தன் சொற்களில் கூறும் பயிற்சி நாள்தோறும் நடைபெறும். இரவு ஏழு மணிக்குப் பின் பிள்ளையை எழுத வைக்க வேண்டாம்." கடைசி வாக்கியத்துக்கு ஆண்டுதோறும் ஓரிருவர் மறுப்புச் சொல்வார்கள். நான் அதை எடுத்துவிடவில்லை.

தாளின் அளவும் அது போய்ச் சேரும் வழியும்

ஏ4 தாளின் இரு பக்கங்கள் மேல்வரம்பு. மேலே பிள்ளையின் பெயரைக் கையால் எழுதுங்கள். அச்சிட்ட "அன்புள்ள பெற்றோரே" என்பதைவிட அந்த ஒரு பெயர் கடிதத்தை வாசிக்க வைக்கும். காசு சம்பந்தமான எதையும் இந்தத் தாளில் சேர்க்காதீர்கள். கன்னியாவுக்குப் போகும் பேருந்துச் செலவு, கொப்பி உறை, பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தா எல்லாம் வேறொரு தாளில், வேறொரு நாளில் போகட்டும். கொண்டுவர வேண்டிய பொருட்களும் வீட்டில் ஏற்கெனவே இருப்பவையாக இருக்க வேண்டும்: வெற்றுப் போத்தல், பழைய நாட்காட்டி, நூல் பந்து. கடையில் வாங்க வேண்டிய பொருள் ஒன்று பட்டியலில் புகுந்தால், அதைக் கொண்டுவர முடியாத பிள்ளை அன்று பாடசாலைக்கே வராது.

வாசிக்கச் சிரமப்படும் வீடுகளுக்காகக் கடிதத்தை இரண்டு மூன்று நிமிடங்களில் வாசித்து, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவும் போடுகிறேன். முதன்முறை அவ்வாறு செய்தபோது, குவைத்தில் வேலை செய்யும் ஒரு தாயிடமிருந்து அன்றிரவே பதில் வந்தது: கிணற்றை அளக்கும்போது கயிற்றைப் பிடிப்பதற்குத் தன் தம்பியை ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொல்லியிருப்பதாக. தாள் மட்டும் போயிருந்தால் அது அந்த வீட்டின் அலுமாரிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

பெற்றோர் கூட்டத்தில் கடிதத்தை மீண்டும் வாசித்துக் காட்டாதீர்கள். அரை மணி நேரத்தில் 5000 ரூபாக் கழித்தலைப் பலகையில் ஒருமுறை செய்து காட்டி, பிறகு இருவர் மூவரைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் விடிந்த பின்னரே கரை திரும்புவதாலும், கடைகளில் வேலை செய்வோர் காலையில் விடுப்பு எடுக்க முடியாததாலும், கூட்டத்துக்கு இரு நேரங்களைக் கொடுத்தால் வரவு கூடும்.

ஆறாம் வாரத்தில் ஒரு சிறு துண்டுத் தாள் மட்டும் அனுப்புங்கள்: எதை முடித்தோம், எது பின்தள்ளிப் போயிற்று, எதை விட்டுவிட்டோம். திட்டமிட்ட ஒன்றை விட்டுவிட்டதாக எழுதுவதற்கு நம்மிற் பலருக்குக் கூச்சம் உண்டு. ஆனால் கடிதத்தில் இருந்த பாடம் கொப்பியில் இல்லாததைப் பெற்றோர் தாமே கண்டுபிடித்துக் கேட்கும்போது வரும் கூச்சம் அதைவிடப் பெரிது.

கடிதத்தின் ஒரு பிரதியை உங்கள் பாடக்குறிப்புக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். தவணையின் கடைசி வாரத்தில் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும், அதில் சொல்லப்பட்ட காரியத்தைச் செய்யக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பென்சிலால் குறியுங்கள். என் பழைய பிரதி ஒன்றில் கிணற்று அளவுக்கு அருகே 29 என்றும், பத்து வாக்கிய ஆக்கத்துக்கு அருகே 24 என்றும், 4007 என்ற எண்ணுக்கு அருகே 32க்கு 21 என்றும் இருக்கிறது. அந்த ஆண்டின் மூன்றாம் தவணைக் கடிதத்தை அந்தப் பதினொரு பிள்ளைகளிலிருந்து எழுதத் தொடங்கினேன்.